மினி பிசியில் கேமும் அன்றாட வேலையும்: தேர்வு முதல் பராமரிப்பு வரை

சிறிய பெட்டி வடிவக் கணினியான மினி பிசி வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பிராசஸரின் பெயரை. அதில் பாதி விஷயம்தான் இருக்கிறது. ஒரே ரைசன் 7 8845எச்எஸ் சிப் உள்ள இரண்டு பெட்டிகளில் ஒன்று ஜிடிஏ 5-ஐ சரளமாக ஓட்டும், மற்றொன்று அதே கேமில் திணறும். ராம் எத்தனை ஸ்டிக்காகப் போடப்பட்டிருக்கிறது, பயாஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) எத்தனை வாட் ஒதுக்கப்பட்டிருக்கிறது, சூடான காற்று வெளியேற வழி இருக்கிறதா என்ற மூன்றும்தான் வித்தியாசத்துக்குக் காரணம். இந்த மூன்றும் உங்கள் கையில்தான் உள்ளன. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மினி பிசியில் 1080பி தரத்தில் நன்றாக விளையாடவும், அதையே வீட்டின் முழுநேரக் கணினியாக வைத்துக்கொள்ளவும் செய்ய வேண்டியவை கீழே.

எந்த சிப், எதற்கு

இணையம், ஆபிஸ் வேலை, 4கே வீடியோ, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு இவ்வளவுதான் தேவை என்றால் இன்டெல் என்100 போதும். 2023-ல் வந்த இந்த சிப்பில் 4 கோர்கள், வடிவமைப்பு மின் அளவு 6 வாட். ஆனால் ராமுக்கும் சிப்புக்கும் இடையிலான பாதை, அதாவது மெமரி சேனல், அதற்கு ஒன்றே ஒன்றுதான். எத்தனை ஜிபி ராம் போட்டாலும் கிராபிக்ஸுக்குக் கிடைக்கும் வேகம் குறைவாகவே இருக்கும். பழைய கேம்கள், எமுலேட்டரில் ஓடும் பழைய கன்சோல் கேம்கள் ஓடும்; புதிய முப்பரிமாணக் கேம்களுக்காக இதை வாங்க வேண்டாம்.

கேம்தான் நோக்கம் என்றால் பிராசஸர் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் கிராபிக்ஸின் பெயரைத் தேடுங்கள். ரேடியான் 680எம், 780எம் இரண்டிலும் 12 கம்ப்யூட் யூனிட்டுகள் (படத்தை வரையும் கணக்கீட்டுப் பகுதிகள்). 680எம் ரைசன் 7 6800எச், 7735எச்எஸ் ஆகியவற்றில் வரும். 780எம் என்பது 7840எச்எஸ், 8845எச்எஸ், 8745எச்எஸ் ஆகியவற்றில் வரும். 760எம் என்றால் 8 யூனிட்டுகள்தான்.

ஏஎம்டியின் எண்கள் பலரை ஏமாற்றுகின்றன. ரைசன் 7 7730யூ என்ற பெயரைப் பார்த்தால் 7840எச்எஸ்ஸின் தம்பி போலத் தோன்றும். ஆனால் உள்ளே இருப்பது பழைய ஜென் 3 கோரும் வேகா கிராபிக்ஸும். வேகா உள்ள சிப்களால் ஏவி1 என்ற வடிவ வீடியோவை ஹார்டுவேரில் டிகோட் செய்யவும் முடியாது. யூடியூப் அந்த வடிவத்தில் அனுப்பும் 4கே வீடியோக்களில் பிராசஸர் தானே வேலை செய்ய வேண்டியிருக்கும், ஃபேன் இரைச்சல் ஏறும். 680எம், 780எம், என்100 மூன்றுக்கும் இந்தப் பிரச்சினை இல்லை.

ரைசன் ஏஐ 9 எச்எக்ஸ் 370-ல் உள்ள 890எம்-க்கு 16 யூனிட்டுகள். வேகம் கூடும், ஆனால் விலை ஏறும் அளவுக்குக் கூடாது. மெமரி வேகம்தான் அங்கும் கழுத்தைப் பிடிக்கிறது. ரைசன் ஏஐ மேக்ஸ் பிளஸ் 395 வேறு ரகம்: 40 யூனிட்டுகள், அகலமான மெமரி பாதை, போர்டிலேயே சால்டர் செய்யப்பட்ட ராம். அந்தப் பணத்துக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டுடன் டவர் பிசியே கட்டலாம் என்பதால், கேமுக்காக மட்டும் அதை வாங்கச் சொல்ல மாட்டோம். பெரும்பாலான வீடுகளுக்கு 780எம் தான் சரியான இடம். இனி வருவதெல்லாம் அதை மனதில் வைத்தே.

ராம்: இங்கேதான் வேகம் இருக்கிறது

தனி கிராபிக்ஸ் கார்டுக்கு சொந்த மெமரி உண்டு. உதாரணமாக ஆர்டிஎக்ஸ் 4060-ன் மெமரி நொடிக்கு 272 ஜிபி வேகத்தில் ஓடுகிறது. மினி பிசியின் கிராபிக்ஸுக்கு அப்படி எதுவும் கிடையாது. பிராசஸர் பயன்படுத்தும் அதே ராமைத்தான் அதுவும் பகிர்ந்துகொள்ள வேண்டும். டிடிஆர்5-5600 ஸ்டிக் ஒன்று போட்டால் நொடிக்கு 44.8 ஜிபி. இரண்டு போட்டால் 89.6 ஜிபி. 780எம் இந்த 89.6-ஐயே முழுதாகக் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். பாதியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை: பல கேம்களில் எஃப்பிஎஸ் (திரையில் நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) மூன்றில் ஒரு பங்குவரை விழும்.

ஆகவே 32 ஜிபி ஒரே ஸ்டிக் வேண்டாம், 16 ஜிபி இரண்டு ஸ்டிக் வாங்குங்கள். ஒரே பேக்கில் வரும் ஜோடி நல்லது. ராமுடன் சேர்த்து விற்கும் பெட்டிகளில் பல நேரம் ஒரு ஸ்டிக் மட்டும் போட்டிருப்பார்கள். விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பணம் கட்டுங்கள். ஏற்கெனவே 16 ஜிபி ஒரு ஸ்டிக் இருந்தால் அதே அளவு, அதே வேகத்தில் இன்னொன்று சேர்த்தால் போதும். 8 ஜிபி சேர்த்தால் ஒரு பகுதி மட்டுமே இரட்டைச் சேனலில் ஓடும்.

மொத்தம் 16 ஜிபி போதாதா என்றால், அன்றாட வேலைக்குப் போதும். கேமுக்கு இழுபறிதான். கிராபிக்ஸுக்கு 4 ஜிபி ஒதுக்கினால் விண்டோஸுக்கும் கேமுக்கும் 12 ஜிபி மிஞ்சும். பின்னால் பிரவுசர் திறந்திருந்தால் தடங்கல் தொடங்கிவிடும்.

வாங்க வேண்டியது லேப்டாப்பில் போடும் சிறிய வகை, சோடிம். டெஸ்க்டாப் ராம் நுழையாது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது, பள்ளத்தின் இடமே வேறு. எல்பிடிடிஆர்5 என்று குறிப்பிட்டிருந்தால் ராம் போர்டோடு ஒட்டியது, பிறகு கூட்ட முடியாது. அப்படிப்பட்ட பெட்டியை முதலிலேயே 32 ஜிபியாக வாங்குங்கள்.

2025-ன் பிற்பகுதியில் இருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. முன்பெல்லாம் ராமும் எஸ்எஸ்டியும் இல்லாத பேர்போன் பெட்டியை எடுத்துத் தனியாகப் போடுவது மலிவு என்பது கிட்டத்தட்ட விதி. இப்போது இரண்டு வகையிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். சில சமயம் எல்லாம் சேர்ந்த பெட்டியே குறைவாக வருகிறது.

எஸ்எஸ்டியும் போர்ட்டுகளும்

இன்று பெரிய கேம் ஒன்று 100 ஜிபியைத் தாண்டுவது சாதாரணம். 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (எம்.2 ஸ்லாட்டில் செருகும் வேகமான சேமிப்பு), 2280 என்ற நீள அளவு, பிசிஐஇ 4.0 தலைமுறை போதும். அதைவிட வேகமானதற்குக் கூடுதல் பணம் கொடுத்தால் கேமில் தெரியாது, சூடுதான் கூடும். இரண்டு எம்.2 ஸ்லாட் உள்ள பெட்டியாகப் பாருங்கள். விலை குறைந்த பெட்டிகளில் இரண்டாவது ஸ்லாட் சாட்டா என்ற பழைய, மெதுவான வகை எம்.2 ஆகவோ 2242 என்ற குட்டை அளவாகவோ இருக்கும். அதில் வழக்கமான என்விஎம்இ வேலை செய்யாது.

மானிட்டர் போர்ட்டில் கவனிக்க வேண்டியது எச்டிஎம்ஐயின் பதிப்பு. எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே-யில் நொடிக்கு 30 பிரேம்தான். மவுஸ் அசைவே இழுபடும். 2.0 அல்லது அதற்கு மேல் வேண்டும். டைப்-சி போர்ட் இருந்தாலே அதில் மானிட்டர் வரும் என்று நினைக்காதீர்கள். டேட்டாவுக்கு மட்டுமான டைப்-சியும் உண்டு, விவரப் பட்டியலில் டிஸ்ப்ளேபோர்ட் என்று எழுதியிருக்க வேண்டும்.

பிரித்துப் பொருத்துதல்

தேவை ஒரு சிறிய ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், அரை மணி நேரம்.

1. அடாப்டரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். ஏதாவது உலோகத்தைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்னை இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.
2. அடிப்பக்க ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் ரப்பர் கால்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும். மூடியை ஒரேயடியாக இழுக்காதீர்கள். சில மாடல்களில் மூடியோடு சின்ன ஃபேனும், வைஃபை ஆன்டெனா வயரும் சேர்ந்திருக்கும். ஆன்டெனா வயர் கழன்றால் வைஃபை சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கும். பிறகு ரூட்டரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.
3. ராமைச் சாய்வாக வைத்து, தங்க நிறக் காலடி ஏறக்குறைய முழுதும் மறையும்வரை உள்ளே தள்ளிய பிறகு கீழே அமுக்குங்கள். இரு பக்கக் கிளிப்பும் சொடுக்கென்று பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் இன்னும் உள்ளே போகவில்லை என்று அர்த்தம், பலத்தால் அமுக்காதீர்கள்.
4. எஸ்எஸ்டியை நுழைத்து ஸ்க்ரூ போடுங்கள். மூடியில் ஒட்டிய தெர்மல் பேடு இருந்தால் அதன் மேலுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள்.
5. மூடியை மூடும் முன் மானிட்டரை இணைத்து ஒருமுறை ஆன் செய்து பாருங்கள்.

புதிய டிடிஆர்5 ராமுடன் முதல்முறை ஆன் செய்யும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கும். பெட்டி செத்துவிட்டதாக நினைத்துப் பலர் இந்த இடத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். அது மெமரி டிரெய்னிங்: ராமின் நேர அளவுகளை போர்டு சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் ஒரு ஸ்டிக்கை மட்டும் வைத்து, எச்டிஎம்ஐ போர்ட்டில் இணைத்துப் பாருங்கள்.

பயாஸில் நான்கு மாற்றங்கள்

ஆன் ஆகும்போது டெலிட் கீயைத் தட்டினால் பெரும்பாலான பெட்டிகளில் பயாஸ் திறக்கும்.

முதலாவது கிராபிக்ஸ் மெமரி. தொழிற்சாலையிலிருந்து வரும்போது 512 எம்பி என்று வைத்திருக்கலாம். தேவைப்படும்போது விண்டோஸ் கூடுதலாகக் கொடுக்கும் என்றாலும், சில கேம்கள் ஒதுக்கப்பட்ட அளவை மட்டும் பார்த்துவிட்டு தரத்தைக் குறைத்துக்கொள்ளும், சில திறக்கவே மறுக்கும். அட்வான்ஸ்டு, ஏஎம்டி சிபிஎஸ், என்பிஐஓ, ஜிஎஃப்எக்ஸ் கான்ஃபிகரேஷன் என்ற வழியில் போய் யூஎம்ஏ ஸ்பெசிஃபைட் என்று மாற்றி, பிரேம் பஃபர் அளவைக் கொடுங்கள். 32 ஜிபி ராமுக்கு 4 அல்லது 8 ஜிபி. 16 ஜிபி ராமுக்கு 4 போதும். ஒதுக்கியது மற்ற வேலைகளுக்குக் கிடைக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது வாட். சைலன்ட், பேலன்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் என்றோ 45, 54, 65 என்றோ தேர்வுகள் இருக்கும். 65 வைத்தால்தான் கேம் நன்றாக ஓடும் என்பது பரவலான நம்பிக்கை. 780எம்-ஐப் பொறுத்தவரை 50 வாட்டைத் தாண்டிய பிறகு எஃப்பிஎஸ் மிகக் கொஞ்சமே ஏறுகிறது; மெமரி வேகம் தடுப்பதால் கூடுதல் மின்சாரம் முழுக்க வெப்பமாகவும் ஃபேன் சத்தமாகவும் போகிறது. 45 அல்லது 54-ல் வைத்து விளையாடிப் பாருங்கள். வீடியோ எடிட்டிங், கோடு கம்பைல் போன்ற வேலைகளுக்குத்தான் 65-க்கு அர்த்தம் உண்டு.

மூன்றாவது, மின்சாரம் போய் வந்தால் தானாக ஆன் ஆகும் வசதி. வீட்டு சர்வராகவும் பயன்படுத்துவதாக இருந்தால் மட்டும் அதை இயக்குங்கள், மற்றவர்கள் அணைத்து வைப்பதே நல்லது. நான்காவது, செக்யூர் பூட், டிபிஎம் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். விண்டோஸ் 11-ல் வாலரன்ட் கேம் இவை இல்லாமல் திறக்காது.

விண்டோஸ், டிரைவர்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, ஆகவே 11 தான். பெட்டியோடு வரும் விண்டோஸை அப்படியே பயன்படுத்தாமல், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். யார் என்ன சேர்த்து அனுப்பினார்கள் என்று தெரியாத கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கக் கூடாது. அழிக்கும் முன் பெட்டி தயாரித்தவரின் தளத்தில் டிரைவர்கள் கிடைக்கின்றனவா என்று பார்த்து, இன்னொரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவும்போது விண்டோஸ் 11 இணையம் கேட்கும், ஆனால் அந்த நேரத்தில் வைஃபைக்கோ லேன் போர்ட்டுக்கோ டிரைவர் இருக்காது. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். பெரும்பாலும் எந்த டிரைவரும் இல்லாமலே இணையம் வந்துவிடும்.

நிறுவியதும் விண்டோஸ் அப்டேட் முழுதாக முடியட்டும். பிறகு கிராபிக்ஸ் டிரைவரை ஏஎம்டியின் தளத்திலிருந்தே போடுங்கள். அடுத்து டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து பாருங்கள். இரண்டில் இரண்டு ஸ்லாட் என்றும், வேகம் 5600 என்றும் காட்ட வேண்டும். 4800 என்று காட்டினால் ராமே அந்த வேகத்தில் வந்திருக்கலாம். ஒரு ஸ்லாட் என்று காட்டினால் மற்ற ஸ்டிக்கை எடுத்து மீண்டும் பொருத்துங்கள்.

தமிழில் தட்டச்சு செய்வோருக்கு: மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, ஒலியியல் விசைப்பலகை இரண்டும் விண்டோஸிலேயே உண்டு. தனி மென்பொருள் வேண்டாம்.

லினக்ஸ் விரும்புவோர் கேமுக்கென வந்த லினக்ஸ் வகையான பஸைட்டைப் போட்டுப் பார்க்கலாம். டிவியோடு இணைத்து கன்சோல் போலப் பயன்படுத்த அருமையாக இருக்கும், ஸ்டீமில் உள்ள கேம்களில் பெரும்பகுதி ஓடும். ஆனால் வாலரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் ஓடாது. அவற்றின் ஏமாற்றுத் தடுப்பு லினக்ஸை ஏற்பதில்லை.

கேம் செட்டிங்

780எம்-ல் சரியாக ராம் போட்டிருந்தால் வாலரன்ட், சிஎஸ்2, ஜிடிஏ 5 போன்றவை 1080பி-யில் வசதியாக 60-ஐத் தாண்டும். சைபர்பங்க் 2077 போன்ற கனமான கேமுக்கு லோ செட்டிங்கும் எஃப்எஸ்ஆரும் (குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கும் ஏஎம்டி நுட்பம்) சேர்ந்தால்தான் 60 அருகே வரும். ரே டிரேசிங்கைத் தொடவே வேண்டாம்.

எல்லாவற்றையும் லோவுக்கு இறக்கிவிடுவது சோம்பேறி வழி. நிழல், வால்யூமெட்ரிக் மூடுபனி, ஸ்க்ரீன் ஸ்பேஸ் பிரதிபலிப்பு, ஆம்பியன்ட் அக்லூஷன் ஆகிய நான்கையும் முதலில் குறையுங்கள்; மெமரியை அதிகம் தின்பவை இவைதான். டெக்ஸ்சரை மீடியம் அல்லது ஹையில் வைக்கலாம், கிராபிக்ஸ் மெமரி போதுமானதாக இருந்தால் எஃப்பிஎஸ் அதிகம் குறையாது, கண்ணுக்குத் தெரியும் பலன் மிகப் பெரிது. எஃப்எஸ்ஆரில் குவாலிட்டி நிலையைத் தேர்ந்தெடுங்கள். 1080பி-யில் பெர்ஃபார்மன்ஸ் நிலை படத்தைக் குழப்பிவிடும். எஃப்எஸ்ஆர் இல்லாத கேமில் 900பி-க்கு இறக்கி, ஏஎம்டி மென்பொருளில் ரேடியான் சூப்பர் ரெசல்யூஷனை இயக்கலாம்.

வரைந்த படங்களுக்கு இடையே கூடுதல் படங்களைச் செருகும் பிரேம் ஜெனரேஷனைப் பற்றி ஒன்று: 60 பிரேமுக்குப் பக்கத்தில் ஓடும் கேமை வழவழப்பாக்க அது உதவும். 25-ல் திணறும் கேமைக் காப்பாற்றாது. எண் மட்டும் 50 என்று காட்டும், கையில் பிடித்த மவுஸ் 25-ன் தாமதத்தோடுதான் நகரும்.

எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 60. 120 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கனமான கேமை 40-ல் நிறுத்தினால், 45க்கும் 60க்கும் இடையே ஏறி இறங்குவதைவிடச் சீராக இருக்கும். சூடும் சத்தமும் உடனே குறையும்.

வெப்பம், மின்சாரம், அன்றாடத் தொல்லைகள்

8845எச்எஸ்-க்கு ஏஎம்டி அனுமதிக்கும் உச்ச வெப்பம் 100 டிகிரி. கேமில் 80 முதல் 90 வரை போனால் பயப்பட வேண்டாம். 95-ஐத் தொட்டுக்கொண்டே இருந்து எஃப்பிஎஸ் பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு விழுந்தால் காற்று போதவில்லை. அறை வெப்பம் 30-லிருந்து 38-க்கு ஏறினால் சிப்பின் வெப்பமும் ஏறக்குறைய அதே அளவு ஏறும். சித்திரை, வைகாசியில் மட்டும் திணறும் பெட்டிக்கு 45 வாட்தான் மருந்து.

காற்று உள்ளே போகும் வழி பல மாடல்களில் அடியில் இருக்கிறது, ஆகவே மெத்தை, துணி, டிவி அலமாரியின் மூடிய அறை எதுவும் ஆகாது. மானிட்டரின் முதுகில் மாட்டினால் வெளியேற்றத் துளை மேலே அல்லது பக்கவாட்டில் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசு ஊதுங்கள். ஊதும்போது ஃபேனை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள், அளவு மீறிச் சுழன்றால் பேரிங் கெடும்.

உலோக உடலைத் தொட்டால் சுருக்கென்று உணர்ந்தால் எர்த் இல்லை என்று பொருள். மூன்று பின் அடாப்டரை இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் செருகாதீர்கள். அடாப்டரை மாற்ற நேர்ந்தால் வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், வாட் அதே அல்லது அதிகம் இருக்கலாம். கேம் தொடங்கியதும் பெட்டி பட்டென்று அணைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வாட் குறைந்த அடாப்டரை. 600 விஏ யூபிஎஸ் ஒன்று மினி பிசி, மானிட்டர், ரூட்டர் மூன்றையும் தாங்கும். டவர் கேமிங் பிசிக்கு அது போதாது.

வயர்லெஸ் மவுஸ் தடுக்குகிறதா? பின்பக்க யூஎஸ்பி 3.0 போர்ட்டில் ஹார்டு டிஸ்க், பக்கத்திலேயே மவுஸ் ரிசீவர் இருக்கும். யூஎஸ்பி 3.0 வெளியிடும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுவதால் சிக்னல் அடிபடுகிறது. ரிசீவரை யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கோ, முன்பக்கத்துக்கோ, ஒரு சிறிய நீட்டிப்பு வயரில் மேசை மேலோ கொண்டு வாருங்கள். ஆன்லைன் கேமுக்கு முடிந்தால் லேன் கேபிள். இல்லையென்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை.

ஸ்லீப்பில் போட்ட பெட்டி நள்ளிரவில் தானாக விழித்தால் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டருக்குச் சென்று, கணினியை எழுப்பும் அனுமதியை எடுத்துவிடுங்கள். அப்படியும் தொடர்ந்தால் ஹைபர்னேட்டுக்கு மாறுங்கள். என்விஎம்இ இருப்பதால் திரும்ப எழ அதிக நேரம் ஆகாது.

பிறகு கிராபிக்ஸ் கார்டு சேர்க்கலாமா

ஆக்குலிங்க் போர்ட் (வெளியே வைத்த கிராபிக்ஸ் கார்டை கேபிளில் இணைக்கும் இடம்) இருந்தால் முடியும். பிசிஐஇ 4.0-வின் நான்கு பாதைகள், நொடிக்கு 64 ஜிகாபிட். யூஎஸ்பி4-ன் 40 ஜிகாபிட்டைவிட இது கார்டின் வேகத்தைக் குறைவாகவே வீணாக்கும். ஆனால் கார்டு, அதைச் செருகும் டாக், தனி பவர் சப்ளை மூன்றையும் கூட்டிப் பாருங்கள். மினி பிசி கையில் இருப்பவருக்கு அது நல்ல மேம்பாடு. இன்று புதிதாக எல்லாவற்றையும் வாங்குபவருக்கு அதே பணத்தில் டவர் பிசி வேகமாக ஓடும். இணைப்பதாக முடிவு செய்தால், ஆக்குலிங்க் ஓடிக்கொண்டிருக்கும்போது செருகவோ பிடுங்கவோ கூடியதல்ல. இரண்டையும் அணைத்துவிட்டு கேபிளைச் செருகுங்கள். முதலில் கார்டின் பவர் சப்ளை, அடுத்து மினி பிசி. மானிட்டர் கேபிளை கார்டில் மாட்டுங்கள். பெட்டியிலேயே விட்டுவிட்டால் கார்டு வரைந்த படம் அதே குறுகிய பாதையில் திரும்பி வந்துதான் திரைக்குப் போகும்.